செயலாளர் போன் எடுப்பதில்லை

மார்கழியில் கச்சேரி வேண்டுமென்றால் ஆடியிலேயே வித்வான்களிடம் தேதி வாங்கிவிட வேண்டும். ஆவணியில் கேட்டால் நல்ல தேதியெல்லாம் பெரிய சபாக்களுக்குப் போயிருக்கும். புரட்டாசியில் கேட்டால் சிரிப்பார்கள். எங்களுடையது மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில் ஒன்பது நாள் விழா நடத்தும் சின்ன சபா. நான் அதன் துணைச் செயலாளர். அந்த வருஷம் ஆவணியும் பாதி போய்விட்டது, செயலாளர் ஒருவரிடம்கூடத் தேதி கேட்டிருக்கவில்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வளர்ந்தவள். அப்பா தெற்கிலிருந்து வந்து போட்ட கடை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னை ஒரு முக்காலியில் உட்கார வைத்து, யார் எந்தப் புடவையைப் பிரிக்கிறார்கள், எது மடியிலிருந்து திரும்ப மேஜைக்கு வரவில்லை என்று பார்க்கச் சொல்வார். பத்து வயதில் ஆரம்பித்த வேலை, அறுபதிலும் விடவில்லை. "பால்காரன் சிரிச்சா தண்ணி கலந்துட்டாம்ப, சிரிக்கலைன்னா நெறயக் கலந்துட்டாம்ப" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். நான் சந்தேகப்பட்டதில் பாதியாவது சரியாக இருந்திருக்கிறது, அதை அவர் சொல்லமாட்டார்.

செயலாளரை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். கச்சேரியில் முதல் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவார். மிருதங்க வித்வான்களே ஒரு சிக்கலான இடத்தில் அவர் கையை ஒரு பார்வை பார்த்துக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன். வித்வான்களோடு போனில் மணிக்கணக்கில் பேசுவார். அப்படிப்பட்டவர் திடீரென்று போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். கூப்பிட்டால் மணி அடித்து ஓயும், ஐந்து நிமிஷத்தில் வாட்ஸப்பில் ஒரு வரி வரும். "சொல்லுங்கோ, என்ன விஷயம்?" கமிட்டிக் கூட்டம் போடலாமா என்று கேட்டால், "எதுக்கு அலைச்சல், குரூப்பிலேயே எழுதிடுங்கோ" என்பார். விழா பற்றிக் கேட்டால், "பாத்துக்கலாம்."

பாத்துக்கலாம் என்ற வார்த்தையை நான் கடையில் நிறையக் கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னவர்கள் திரும்பி வந்ததில்லை.

பிறகு மைக்செட்காரர் ஒன்று சொன்னார். எங்கள் மாதக் கச்சேரிகளுக்கும் அவர்தான் ஒலிபெருக்கி வைப்பவர். "இன்னா மேடம் இது, சாரு சவுண்ட ஏத்து ஏத்துன்றாரு, பாட்றவரு எறக்கு எறக்குன்றாரு. நான் யார் பேச்சத்தான் கேக்கறது? போன தபா பாட்ன அம்மா மூஞ்சத் தூக்கினு போய்ட்டாங்க." எனக்கு அப்போதே மனசில் ஒரு முடிச்சு விழுந்தது. பாடுகிறவர்களை வேண்டுமென்றே கோபப்படுத்தினால் அவர்களாகவே அடுத்த முறை வரமாட்டேன் என்பார்கள், விழா தானாகப் படுத்துவிடும். அப்புறம் யாராவது வந்து எடுத்து நடத்துகிறேன் என்றால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

யாராவது என்றால் யார் என்பதும் அடுத்த வாரமே தெரிந்தது. தேனாம்பேட்டை சிக்னலில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு கட்டடத்தின் மாடிப்படியிலிருந்து செயலாளர் கையில் ஒரு காகிதப் பையோடு இறங்கி வந்தார். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார், தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கிற மாதிரி. அந்தக் கட்டடத்தின் முதல் மாடி முழுக்கக் கல்யாண வரவேற்பு, சினிமாப் பாட்டு நிகழ்ச்சி எல்லாம் நடத்திக் கொடுக்கும் ஒரு கம்பெனி. அன்று சாயங்காலம், "தேனாம்பேட்டைப் பக்கம் வந்திருந்தீங்களா சார்?" என்று எழுதிக் கேட்டேன். "இல்லையே" என்று பதில் வந்தது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. இருபது வருஷம் பழகியவர் கூசாமல் பொய் சொல்கிறார். இந்த விழா ஒன்றுதான் எனக்குக் கடையும் வீடும் தவிர இருக்கும் இடம், அதை விற்றுவிட்டுப் பையும் கையுமாக வருகிறாரே என்று அழுகையும் வந்தது. "அவரு டாக்டர்ட்டகூடப் போயிருக்கலாம்லா?" என்றார் என் வீட்டுக்காரர். "டாக்டர்ட்டப் போறவரு எதுக்கு ஒளிக்கணும்?" என்று அவர் வாயை அடைத்தேன்.

மறுநாள் நேராகப் பள்ளிக்கூடத்துத் தாளாளரைப் பார்க்கப் போனேன். வருஷாவருஷம் மார்கழியில் அரங்கத்தை எங்களுக்கு விட்டுவைப்பது அந்த அம்மாதான். ஒரே ஒரு நிபந்தனை, வியாபாரமாக இருக்கக் கூடாது. "எங்க செயலாளர் பேர்ல யாராவது கம்பெனிக்காரங்க வந்து கையெழுத்துப் போட்டா ஜாக்கிரதையா இருங்கம்மா. அவரை அவங்க ஆபீஸ் வாசல்ல நானே பார்த்தேன்" என்றேன். அந்த அம்மா, "நல்ல வேளை சொன்னீங்க. இது தெளிவாகற வரைக்கும் தேதியை நிறுத்தி வைக்கறேன்" என்றார். விழாவைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பில் வெளியே வந்து ஒரு காபி குடித்தேன்.

ஐப்பசி மாதக் கச்சேரிக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். நான் வழக்கமான இடத்தில் உட்காராமல், செயலாளருக்குப் பின் வரிசையில், சற்று ஓரமாக உட்கார்ந்தேன். யாரோடு பேசுகிறார், யார் வந்து காதில் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கத்தான். யாரும் வரவில்லை. பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால் அவர் கையைப் பார்த்தேன். பாடகி சாதாரண ஆதி தாளத்தில்தான் பாடிக்கொண்டிருந்தார். செயலாளரின் கை அரைத் தட்டு பின்னால் போய்க்கொண்டிருந்தது. அவர் கண் மேடையில் இல்லை, பக்கத்து நாற்காலிக்காரரின் கையில் இருந்தது. அதைப் பார்த்துத் தன் கையைச் சரிசெய்துகொள்வார், கொஞ்ச நேரத்தில் மறுபடி நழுவும். ராகம் பாடி முடித்ததும் எல்லோரும் கை தட்டிய பிறகுதான் அவர் தட்டினார். மிருதங்கம் தனியாக வாசித்தபோது மட்டும் கை சரியாக விழுந்தது.

இதிலும் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்றுதான் நான் முதலில் நினைத்தேன். மனசு விழா விஷயத்தில் இல்லை, அதனால்தான் தாளம்கூட நிற்கவில்லை என்று கணக்குப் போட்டேன்.

கச்சேரி முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். மைக்செட்காரர் வாசலில் வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். செயலாளர் மேடையைப் பார்த்தபடி, எனக்கு முதுகு காட்டி நின்றார். இதை விட்டால் வேறு சமயம் வராது என்று தோன்றியது. ஒரு மாதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"சார், விழாவை வித்துட்டீங்களா?"

அவர் திரும்பவில்லை. இன்னும் இரண்டடி நெருங்கிப் போய், குரலை உயர்த்திச் சொன்னேன். அசையவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றதும் திடுக்கிட்டு, அப்புறம் சிரித்தார்.

"அடடே, எப்ப வந்தேள்?"

முகத்துக்கு நேராக, மெதுவாகக் கேட்டேன். "சார், உங்களுக்குக் காது கேக்கலையா?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷமாச்சு. கொஞ்சம் கொஞ்சமாப் போயிண்டிருக்கு. தேனாம்பேட்டைல ரெண்டாவது மாடில ஒரு காது டாக்டர் இருக்கார். உங்ககிட்டக்கூடப் பொய் சொன்னேன், மன்னிச்சுடுங்கோ. மெஷின் குடுத்தார். அதை வெச்சுண்டா எதிர்ல இருக்கறவா பேச்சு ஒரு மாதிரி புரியறது. பாட்டுதான் தகர டப்பாவைத் தட்டறாப்ல இருக்கு. அதனால கழட்டிடறேன். மிருதங்கம் மட்டும் நெஞ்சுல அதிர்றது. அதை வெச்சுண்டு ஒப்பேத்திண்டிருக்கேன்."

"தேதி?"

"போன்ல யார் என்ன சொல்றான்னே தெரியலை. வித்வான்கள்ட்ட எப்படித் தேதி கேக்கறது? ஆத்துல பொண்டாட்டிக்கு மட்டும்தான் தெரியும். காது கேக்காதவன் கச்சேரி நடத்தறான்னு சிரிப்பா. இந்த ஒரு வருஷம் ஒழுங்கா நடத்திட்டு, நானாவே விலகிடறேன். அதுவரைக்கும் யாரண்டையும் சொல்லிடாதேள்."

சொல்லமாட்டேன் என்று அவர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். இனிமேல் கிடைக்கிற வித்வான்களிடம் நான் பேசுகிறேன், அரங்கத்தையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். தாளாளரிடம் நான் செய்துவிட்டு வந்திருந்ததை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் தாளாளர் அறையில் போய் உட்கார்ந்தேன். "எங்க செயலாளர் மேல ஒரு தப்பும் இல்லம்மா. நான்தான் அவசரப்பட்டுத் தப்பா நினைச்சுட்டேன்."

"அப்படின்னா அந்தக் கட்டடத்துல அவருக்கு என்ன வேலை?"

"அது வேற வேலைம்மா."

"என்ன வேலை?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "போன மாசம் நீங்களே வந்து ஜாக்கிரதைன்னீங்க. இப்ப நீங்களே வந்து நல்லவர்ங்கறீங்க. காரணம் கேட்டா சொல்ல மாட்டேங்கறீங்க. நடுவுல அந்தக் கம்பெனிக்காரங்க உங்களையும் பார்த்துப் பேசினாங்களா?"

"ஐயோ, இல்லம்மா" என்றேன். அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன். யோசித்துச் சொல்கிறேன், வேறு இரண்டு பேரும் அதே தேதியைக் கேட்டிருக்கிறார்கள் என்று சொல்லி எழுந்துகொண்டார்.

பள்ளி வாசலுக்கு வந்தபோது செயலாளரிடமிருந்து செய்தி வந்திருந்தது. "ஹால் ஆயிடுத்தா?"

"பேசிட்டேன் சார். யோசிச்சுச் சொல்றேன்னாங்க" என்று எழுதினேன்.

உடனே பதில் வந்தது. "நீங்க போயிருக்கேள், அப்புறம் என்ன கவலை? உங்களைத்தான் நம்பிண்டிருக்கேன்."

உள்ளே திரும்பிப் போய்ச் சொல்வதற்கு என்னிடம் ஒரே ஒரு உண்மைதான் இருந்தது. அதைச் சொல்லமாட்டேன் என்று அவர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்திருந்தேன்.