முழு டோஸ் வெளிச்சம்

"இன்னும் ஒரே ஒரு திருகு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காரின் முன்மூடியைத் தூக்கி நிறுத்திவிட்டு, விளக்குக்குப் பின்னால் இருந்த சந்துக்குள் ஸ்குரூடிரைவரை நுழைத்தார் மருந்துக்கடைக்காரர். காருக்கு நேர் முன்னால் பக்கத்துக் கடையின் மூடிய ஷட்டர். அதில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு மேலே இன்னொரு கோடு, அதற்கும் மேலே அன்றைக்குப் புதிதாகப் போட்டது. வெள்ளை வெளிச்சம் ஏறி மேல்கோட்டைத் தொட்டதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். இருமல் மருந்துக்காகக் காத்திருந்த ஆளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். ரொம்ப நன்றாக இருக்கிறது, முதலில் அதை அணையுங்கள் என்றார் அந்த ஆள்.

மருந்துக்கடைக்காரருக்குத் தன் கண்ணைப் பற்றி எப்போதுமே கொஞ்சம் கர்வம் உண்டு. அதில் நியாயமும் இருந்தது. எந்த டாக்டர் எப்படிக் கிறுக்கினாலும் சீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, திரும்பாமலே கையை நீட்டி அலமாரியிலிருந்து மாத்திரையை எடுத்துவிடுவார். எழுதிய டாக்டரே ஒருமுறை ஆள் அனுப்பி, தான் என்ன எழுதியிருக்கிறோம் என்று இவரிடம் கேட்டுவரச் சொன்னதாக ஒரு கதை உண்டு. கதையைச் சொல்பவரும் இவர்தான். இப்போதெல்லாம் சீட்டைப் படம் எடுத்து போனில் கொண்டுவருகிறார்கள். அதை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிவிட்டு, "கையெழுத்தெல்லாம் சரிதான், போட்டோதான் சரியில்ல" என்பார். யார் என்ன உபாதை சொல்லிக்கொண்டு வந்தாலும் மருந்தைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று ஒரு வார்த்தை சேர்ப்பார். தனக்குச் சர்க்கரை இருப்பதை மட்டும் கடைக்கு வருகிற யாரிடமும் மூச்சு விடமாட்டார்.

அவருடைய மனைவி ஊரின் மறுகோடியில் இருக்கும் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெருவில் எல்லோருக்கும் நர்ஸம்மா. பொழுது சாய்ந்த பிறகுதான் வேலை முடியும். ஆஸ்பத்திரியிலேயே ஊழியர்களுக்கு பஸ் இருக்கிறது. வீட்டுக்கு அடுத்த முனையிலேயே இறக்கிவிடும். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அந்த பஸ்ஸை அந்த அம்மாள் ஏறிட்டுப் பார்த்ததில்லை. கணவர் கடையைச் சாத்திவிட்டுக் காரோடு வந்து வாசலில் நிற்பார். அப்போது அது வேறு கார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது அந்தக் காரில்தான். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் இவருக்குச் செய்தி பார்க்க வேண்டும், அந்த அம்மாளுக்குக் கால் நீட்ட வேண்டும், வெளியூரிலிருக்கும் மகளுக்கு போன் பண்ண வேண்டும். காலையிலோ கேட்கவே வேண்டாம், ஆளுக்கொரு பக்கம் ஓட்டம். வார்டில் யார் யாரோடு மல்லுக்கு நின்றார்கள், எந்த நோயாளி கஞ்சியைத் தட்டிவிட்டார், கடையில் யார் கடன் சொல்லிவிட்டு எதிர்ச்சாரியில் நடக்கிறார் எல்லாம் கார் நகர்ந்த பிறகுதான் வெளியே வரும். ஏதாவது ஒருநாள் சண்டையாக இருந்தால் அதையும் காரிலேயே முடித்துவிட்டுத்தான் இறங்குவார்கள். இந்த ஒரு பயணத்துக்காகவே மருந்துக்கடைக்காரர் பகல் முழுவதும் விஷயம் சேர்த்து வைத்துக்கொண்டிருப்பார்.

ஆகவே சாலை மங்கலாகத் தெரிய ஆரம்பித்தபோது அவர் சந்தேகப்பட்டது பல்பைத்தான். பல்பை மாற்றினார். பிறகு பேட்டரியைச் சோதிக்கச் சொன்னார். எங்கேயோ யாரோ சொன்னார்கள் என்று விளக்கின் மேல் கண்ணாடியைப் பற்பசை போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தார். கண்ணைச் சோதித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அவருக்கு வராமல் இல்லை. வந்தது, வந்த வேகத்தில் அதை விரட்டிவிட்டார். சோதித்தால் ஒரு டாக்டர், இனிமேல் இருட்டில் வண்டி ஓட்டாதீர்கள் என்பார். மறுநாளிலிருந்து மனைவி பஸ்ஸில் வருவாள். அதற்கு மேல் யோசிக்க அவருக்குத் தைரியமில்லை.

கடைசியில் போய்ச் சேர்ந்தது, 'கரண்ட்' என்று ஊர் கூப்பிடும் கார் எலெக்ட்ரீஷியனிடம். அவருடைய பட்டறையில்தான் மருந்துக்கடைக்காரர் செனான் என்ற வெள்ளை விளக்குப் பெட்டியை முதன்முதலில் பார்த்தார். பஞ்சுக்குள் பத்திரமாகப் படுத்திருந்த இரண்டு பல்புகள், அவற்றுக்கு மின்சாரத்தை ஏற்றிக் கொடுக்க இரண்டு பாலஸ்ட் டப்பாக்கள், ஒரு கற்றை ஒயர். பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது, விரலின் எண்ணெய்ப் பசையே போதும், சீக்கிரம் போய்விடும் என்றார் கரண்ட். ஊசி மருந்துக்குப் பழகிய ஆளுக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. "பழைய பல்பு பாதி மாத்திரை. இது முழு டோஸ்" என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டார்.

கரண்ட் ஒன்றும் அரிச்சந்திரன் அல்ல. விற்க வேண்டிய சரக்கை விற்கத் தெரிந்தவர். இருந்தாலும் வேலை முடிந்ததும் ஒன்றைச் சொன்னார். இந்த விளக்குக் கூடு பழைய மஞ்சள் பல்புக்காகச் செய்தது, இதற்குள் புதுசைப் போட்டால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும், அதனால் கொஞ்சம் கீழே இறக்கி வைத்திருக்கிறேன், அப்படியே இருக்கட்டும். மருந்துக்கடைக்காரர் தலையை ஆட்டினார். விளக்கு முதலில் நீலமாகச் சிமிட்டி, பிறகு மெல்ல மெல்லப் பால்போல வெளுத்து நின்ற அழகில் அவர் சொக்கிப் போயிருந்தார். பாதிப் பேச்சு காதில் விழவில்லை. விழுந்த பாதியில், விளக்கை ஏற்ற இறக்க ஒரு திருகு இருக்கிறது என்பது மட்டும் மனத்தில் தங்கியது.

அப்படித் தொடங்கியதுதான் ஷட்டரும் சாக்பீஸும். முதல் வாரம் தெருவே பகலாகத் தெரிந்தது. அடுத்த வாரம் அந்தப் பகல் காருக்கு முன்னால் கொஞ்ச தூரத்தோடு நின்றுவிட்டது. அதைத் தாண்டி முன்பைவிட இருட்டு. வெளிச்சம் போதவில்லை என்று ஒரு திருகு ஏற்றினார். பிறகு இன்னொரு திருகு. எதிரே வருகிறவர்கள் எல்லாம் தங்கள் விளக்கை அணைத்து அணைத்துப் போட ஆரம்பித்தார்கள்.

"பாத்தியா, எங்க வாங்கினீங்கன்னு கேக்கறாங்க" என்றார் மனைவியிடம்.

"திட்டறாங்க" என்றார் நர்ஸம்மா.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மரியாதைக்கு மரியாதையாகத் தானும் ஒருமுறை விளக்கைச் சிமிட்டி, தலையை லேசாக அசைத்துவிட்டுப் போனார். ஊரில் பாதிப் பேருக்கு இப்படி அவர் மனப்பூர்வமாக நன்றி சொல்லியிருக்கிறார்.

நர்ஸம்மாவுக்கு அந்த நாட்களில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. காரில் வரும்போது, பேச்சோடு பேச்சாக, அந்தப் போர்டில் என்ன எழுதியிருக்கிறது, இது என்ன கடை என்று கேட்பார். மருந்துக்கடைக்காரர் யோசிக்காமல் சொல்வார். வருஷக்கணக்காக வந்துபோகும் பாதை. எந்தக் கடை எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அவர் கிட்டத்தட்ட அதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் பாலத்துக்கு அடுத்த பெரிய போர்டைக் காட்டிக் கேட்டதற்கு, பர்னிச்சர் கடையின் பெயரைக் கணீரென்று படித்தார். பர்னிச்சர் கடை காலி செய்து போய், அங்கே டைல்ஸ் கடை வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, நாளைக்கு வரும்போது ரொட்டி வாங்க வேண்டும் என்றார்.

அதன்பிறகு ஒரு வாரம் இருக்கும். ஆஸ்பத்திரிச் சாலை வளைந்து ஏரிக்கரையைத் தொடும் இடத்தில், எதிரிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் நேராக வந்து, தள்ளாடி, சாலையை விட்டு இறங்கிப் புதருக்குள் சாய்ந்தது. மருந்துக்கடைக்காரர் பிரேக்கை மிதித்தது நர்ஸம்மா போட்ட சத்தத்தில்தான். இறங்கி ஓடினார்கள். விழுந்து கிடந்தவர் வேறு யாருமல்ல. மொத்த வியாபாரியிடமிருந்து இவர் கடைக்கு நாள் தவறாமல் மருந்துப் பெட்டி கொண்டுவந்து போடுகிறவர். முழங்காலில் தோல் உரிந்து ரத்தம். பெட்டி பிரிந்து மாத்திரை அட்டைகள் புல்லில் சிதறிக் கிடந்தன.

அவர் கோபப்படவில்லை. அதுதான் மருந்துக்கடைக்காரருக்குத் தாங்கவில்லை. நர்ஸம்மா கைப்பையிலிருந்து துணியை எடுத்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, எழுந்து உட்கார்ந்தவர், "எதிர்ல என்ன வருதுன்னே தெரியல அண்ணே. ஒரே வெள்ளை. கார்னு தெரிஞ்சிருந்தா ஒதுங்கியிருப்பேன்" என்றார். பிறகு, பெட்டியில் இருமல் மருந்துப் பாட்டில்கள் இருந்தன, உடைந்ததா என்று பாருங்கள் அண்ணி என்று நர்ஸம்மாவிடம் வேறு கவலைப்பட்டார்.

மருந்துக்கடைக்காரர் குனிந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார்.

"எனக்கும் உன்னைத் தெரியலப்பா" என்றார்.

கட்டுப்போட்டுக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்று, மறுபடி வேலையைத் தொடர்ந்தது. நர்ஸம்மா தலையை நிமிர்த்தவில்லை.

காரை அங்கேயே ஓரம்கட்டிவிட்டு ஒரு டாக்ஸியைப் பிடித்தார்கள். டெலிவரிக்காரரை ஆஸ்பத்திரியில் காட்டி, ஊசி போட்டு, அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பிறகு பின்சீட்டில் இவர்கள் இருவர் மட்டும். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்தச் சாலையில் இவர் பின்சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. காலை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் தவித்தார்.

"லைட்டை மாத்தினா சரியாப் போயிடும்னு நினைச்சேன்" என்றார். "நைட்டுல ஓட்டாதேன்னு யாராவது சொல்லிட்டா, நீ பஸ்ல வந்துடுவே. அப்புறம் நாம எப்பதான் பேசிக்கறது?"

டாக்ஸி இரண்டு தெருவைத் தாண்டியது.

"அதனாலதான் நானும் வாயத் திறக்கல" என்றார் நர்ஸம்மா. "ஒரு நர்ஸா இருந்துக்கிட்டு, தெரிஞ்சும் உங்க பக்கத்துல உக்காந்து வந்திருக்கேன் பாருங்க. அந்த ஆளுக்கு ஏதாவது ஆகியிருந்தா ரெண்டு பேரும்தான் பொறுப்பு."

மருந்துக்கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். தான் மட்டும்தான் ஒளித்துக்கொண்டிருந்தோம் என்று அதுவரை நினைத்திருந்தார். அந்த நேரத்திலும் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அப்படி ஆறுதலாக இருப்பதற்கு வெட்கமாகவும் இருந்தது.

கண் டாக்டர் இரண்டு கண்ணிலும் புரை என்றார். புரை விழுந்த கண்ணுக்கு வெளிச்சம் கூடக்கூடக் கூச்சம்தான் கூடும், பார்வை கூடாது. அதிலும் பக்கத்தில் பளீரென்று இருந்தால் தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகத்தான் தெரியும் என்றார். எளிய ஆபரேஷன்தான், ஆனால் முதலில் சர்க்கரை இறங்க வேண்டும். அதுவரை இருட்டில் வண்டியைத் தொடக்கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்கட்டுமா என்று மருந்துக்கடைக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். குடியுங்கள், அதோடு இனிப்பையும் நிறுத்துங்கள் என்றார் டாக்டர்.

செனானைக் கழற்றியதும் கரண்ட்தான். நான் இறக்கித்தானே வைத்தேன், யார் சார் இவ்வளவு ஏற்றியது என்று கேட்டார். மருந்துக்கடைக்காரர் பட்டறையின் கூரையை வெகு அக்கறையாக ஆராய்ந்தார். பல்புகளையும் பாலஸ்ட்டையும் கரண்டுக்கே திருப்பி விற்க அவருக்கு மனம் வரவில்லை, இன்னொருவர் காரில் போய் உட்காருமே என்ற பயம். கடைக்குக் கொண்டுவந்து காலாவதியான மருந்துகளைப் போடும் டப்பாவில் போட்டு மூடினார். டெலிவரிக்காரரின் மோட்டார் சைக்கிளுக்கு ஆன பழுதுச் செலவைத் தானே ஏற்றுக்கொண்டார். அவர் வரும்போதெல்லாம் முதலில் முழங்காலைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை வாங்குகிறார்.

இப்போது மருந்துக்கடைக்காரர் கடையைச் சற்று முன்னதாகவே சாத்துகிறார். டவுன் பஸ் பிடித்து, நின்றுகொண்டே ஊரின் மறுகோடிக்குப் போய், ஆஸ்பத்திரி வாசலில் இறங்குகிறார். எதற்கு இந்த வேலை, ஆஸ்பத்திரி பஸ்தான் என்னைக் கொண்டுவந்து விட்டுவிடுகிறதே என்று நர்ஸம்மா முதல்நாள் சொல்லிப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் அன்றைக்குச் சேர்த்து வைத்திருந்த விஷயத்தை ஆரம்பித்துவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஊழியர் பஸ்ஸில் வெளியாட்களை ஏற்றக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. நர்ஸம்மா டிரைவரிடம் போய் என்ன சொன்னாரோ, டிரைவர் தனக்குப் பின்னாலிருக்கும் இரண்டு பேர் சீட்டை இவர்களுக்கென்றே விட்டுவிடுகிறார். சக நர்ஸுகள் 'மாப்பிள்ளை வந்தாச்சு' என்று கேலி செய்கிறார்கள். அவர் அதற்கும் தலையை லேசாக அசைத்துவிட்டு உட்காருகிறார்.

பஸ் ஏரிக்கரையில் திரும்புகிறது. வார்டில் இரண்டு பேர் ஒரே ஜன்னலோரக் கட்டிலுக்குச் சண்டை போட்டதை நர்ஸம்மா சொல்லிக்கொண்டு வருகிறார். எதிரே ஒரு லாரி. அதன் வெளிச்சம் பஸ்ஸின் முன்கண்ணாடி முழுக்கப் பரவி உள்ளே விழுகிறது. நர்ஸம்மா பேச்சை நிறுத்தவில்லை, அவர் பக்கம் திரும்பவுமில்லை. யார் முதலில் தலையணையை எடுத்து வீசியது என்று சொல்லிக்கொண்டே, கையைத் தூக்கி உள்ளங்கையைக் கணவரின் கண்ணுக்கு முன்னால் விரித்துப் பிடிக்கிறார். லாரி கடந்து போகும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, கையை இறக்கி அவர் கைமேல் வைத்துக்கொண்டு, மிச்சக் கதையைச் சொல்கிறார்.