ஜீயபுரத்துப் பாப்பாவின் சரி

கண்ணை மூடினால் இன்றைக்கும் ஒரு தலை அசைவது தெரிகிறது. ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகும் வழியில், ஒரு வாடகை வீட்டில் நடந்தது, நான் டீச்சராக இருந்த, குழந்தைகள் தங்கிப் படிக்கும் எங்கள் பள்ளிக்கூடம். அறுபதுகளின் தொடக்கம். பிற்பகலில் காவேரிக் காற்று வந்தால் ஜன்னல் துணி மெல்ல ஆடும். அதனருகே மர நாற்காலியில் ஜீயபுரத்துப் பாப்பாவின் தலையும் ஆடிக்கொண்டிருக்கும். துணி ஆடுகிறதா, அவள் ஆடுகிறாளா, நான்தான் ஆடுகிறேனா என்று எனக்குத் தூக்கம் சொக்கும். அவளுக்குப் பிறக்கும்போதே மூளையில் பாதிப்பு. கை கால் சொன்னபடி கேட்காது, பேச்சு கிடையாது. இப்போது பெருமூளை வாதம் என்கிறார்கள், தொட்டால் பேசும் கருவியெல்லாம் வந்துவிட்டது. அன்றைக்கு எங்களிடம் இருந்தது அந்த நாற்காலியும், அவள் சரிந்துவிடாமல் கட்ட ஒரு பழைய வேட்டிக் கிழிசலும்தான்.

நம் ஊரில் தலை பக்கவாட்டில் ஆடினால் சரி என்று அர்த்தம். அதனால் பார்க்க வந்த அத்தனை பேரும் ஏமாந்தார்கள். "எது கேட்டாலும் சரிங்குதே, தங்கமான புள்ள!" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கமாவது! ரவை உப்புமாவைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. கிட்டே கொண்டுபோனால் இமைகளை இறுக்கிக்கொள்வாள். பிடித்தது என்றால் கண் இரண்டும் மெல்ல மேலே, ஓட்டுக்கூரைக்குப் போகும். தலைதான் அவள் பேச்சைக் கேட்காது, கண் கேட்கும். அதைக் கண்டுகொண்ட பிறகு நாங்கள் இருவரும் நாள் முழுக்க வம்பளந்தோம்.

ஒருநாள் மத்தியான பஸ்ஸில் அவள் அப்பா வந்தார். வாழைத்தோட்டக்காரர், பேச்சு குறைவு. "கூட்டிட்டுப் போயிடுறேன் டீச்சர். இது என்னத்தப் படிக்கப்போவுது, வீட்டுல ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டும்" என்றார். பிறகு அவளிடம் குனிந்து, "அப்பாவோட வந்துடுறியாம்மா?" என்று கேட்டார். தலை ஆடியது. "பாத்தீங்களா, சரிங்குது." அவள் பாவாடைகளைத் துணிப்பையில் வைக்க ஆரம்பித்துவிட்டார்.

அங்கே அந்தக் கண்ணை யார் பார்ப்பார்கள்? ஆயுசு முழுக்க எல்லாவற்றுக்கும் சரி சொல்லிக்கொண்டே கிடப்பாளே! "ஐயா, தலையைப் பாக்காதீங்க, கண்ணைப் பாத்துக் கேளுங்க. மேல பாத்தா ஆமா, மூடினா இல்ல" என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்லவேண்டும். அவர் நம்பாமல்தான் கேட்டார். இமைகள் இறுகின. மறுபடி கேட்டார். இன்னும் இறுகின.

"அப்போ, இங்கயே இருக்கியா?"

கண்கள் மேலே போயின.

பையைக் கீழே வைத்தார். கோபப்படப்போகிறார் என்று பயந்தேன். வாசலில் பஸ் ஹாரன் அடித்தது, அவர் நகரவில்லை. நாற்காலி முன்னால் மண்டியிட்டு, அவள் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"ஆத்தா, நான் யாருன்னு உனக்குத் தெரியுமா?"

தலை எப்போதும்போல் ஆடிக்கொண்டிருந்தது. கண்கள் மெல்ல ஏறி, இறங்காமல் அங்கேயே நின்றன.

"இத்தனை வருஷமும் தெரியுமா?"

ஒருமுறை இறங்கி, மறுபடி ஏறின. அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. அவர் அழுதுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.