ஆறாவது ரவுண்டும் பழுத்த புழுவும்

பெரிய டெக் கம்பெனி ஒன்றில் ஐந்து ரவுண்டு இன்டர்வியூ முடித்துவிட்டு ஆறாவதற்காகக் காத்திருந்தேன். வீட்டிலிருந்தே டெஸ்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்த பழைய கம்பெனியில், ப்ராஜெக்ட் முடிந்தது, மாதக் கடைசியோடு கிளம்பலாம் என்று சொல்லிவிட்டார்கள். இதுவும் கிடைக்காவிட்டால் வீட்டில் சும்மா உட்கார வேண்டியதுதான். எங்கள் வீடு பென்னாகரம் பக்கம். அப்பா பட்டுப்புழு வளர்க்கிறார்.

அந்தக் கடைசி ரவுண்டை அவர்களே மூன்று முறை தள்ளிப் போட்டார்கள். மேனேஜர் லீவு, மேனேஜருக்கு மீட்டிங், மூன்றாம் முறை காரணமே சொல்லவில்லை. நான்காவதாகக் கொடுத்த நாளில் பார்த்து எங்கள் புழு பழுத்து, கூடு கட்டத் தயாராகிவிட்டது. பழுத்த புழுவை அன்றே பொறுக்கி, கூடு கட்டுவதற்கான சந்திரிகைத் தட்டில் விட வேண்டும். இல்லாவிட்டால் கண்ட இடத்தில் கூடு கட்டிப் பாழாகிவிடும். வருவதாகச் சொன்ன ஆட்களும் வரவில்லை. எச்ஆர் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"ஒரு நாள் தள்ளி வைக்க முடியுங்களா மேடம்?"

"சாரிங்க. நீங்க ஏற்கனவே மூணு தடவ ரீஷெட்யூல் பண்ணிட்டீங்கன்னு சிஸ்டம் காட்டுது."

"அது நீங்க பண்ணதுங்க!"

"தெரியுதுங்க. ஆனா சிஸ்டம்ல கேண்டிடேட் பேர்லதான் ஏறும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு வழியில்லாமல் லேப்டாப்பைப் புழு மனைக்கே கொண்டுபோய் ஸ்டூல் மேல் வைத்தேன். கேமராவில் முகம் மட்டும் தெரிந்தது. கை அதுபாட்டுக்குப் புழு பொறுக்கியது. மேனேஜர் ஸ்க்ரீனில் வந்தார். முதல் கேள்வி: "உங்களப் பத்திச் சொல்லுங்க."

ஐந்து பேரிடம் ஒப்பித்தாயிற்று. "சார், முன்னாடி ரவுண்டு எடுத்தவங்க நோட்ஸ் ஏதும் அனுப்பலீங்களா?" என்று கேட்டேவிட்டேன்.

"அனுப்பியிருப்பாங்க. நான் இன்னும் ஓப்பன் பண்ணல."

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சொன்னேன். முடிவில், "நல்லாப் பண்ணீங்க, ரெண்டு நாள்ல சொல்லுவாங்க" என்றார்.

புழு கூடு கட்டி முடித்தது. அப்பா தருமபுரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனார். வாங்குகிறவர்கள் கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்து, ஏலம் கேட்டு, மதியத்துக்குள் முடித்துவிட்டார்கள்.

"ஏம்மா, கூடே வித்துப் போச்சு. உங்க கம்பெனி இன்னுமா யோசிக்குது?" என்றார் அப்பா.

மாதமும் முடிந்தது, வேலையும் போனது. அதற்கப்புறம் அவர்களிடமிருந்து ஒரு மெயில் வந்தது. ஆசையாகத் திறந்தேன். இன்டர்வியூ அனுபவத்துக்கு எத்தனை ஸ்டார் கொடுப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள். வேலை உண்டா இல்லையா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

இப்போது வேறொரு கம்பெனியில் நானே இன்டர்வியூ எடுக்கிறேன். நோட்ஸைப் படித்துவிட்டுத்தான் உட்காருவேன். முடிவை அன்று மாலையே போனில் சொல்லிவிடுவேன். இன்டர்வியூ எடுக்கும் இந்த நாற்காலிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் இவ்வளவுதான். போன வாரம் அரூர்ப் பெண் ஒருத்தியிடம், இந்த முறை எடுக்கவில்லை என்று சொன்னேன்.

"கூப்ட்டுச் சொன்னீங்களே, அதுக்கே ரொம்ப தேங்க்ஸ்ங்க மேடம்" என்றாள்.

போனை வைத்ததும் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. வேலை இல்லை என்று சொன்னதற்கே நன்றி சொல்லும்படி பிள்ளைகளை வைத்திருக்கிறோம்.