நூலில்லாமல் ஓடிய மிஷின்

மங்கலத்திலிருந்து சைக்கிளில் வந்த ஆள், "ரங்கசாமி மொதலாளி தவறிட்டாருங்க" என்றபோது, நான் அவனிடம் கேட்டது, "மிஷின் ஓடுதா?" என்றுதான்.

"எழவு ஊட்ல மிஷின் ஓட்டுவாங்களாங்க? நிறுத்தியாச்சுங்க" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

ரங்கசாமி அவர்கள் என் அக்காவின் கணவர். அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஏழு கடலுக்கு இப்பாலும் அப்பாலும் அவரைப்போல் பேசாத மனிதர் பிறந்ததில்லை. காலையில் ஒரு சொல் சொன்னால் அதை வைத்தே பொழுது சாயும்வரை குடித்தனம் நடத்துவார். அவருக்கும் சேர்த்துப் பேசியவை பனியன் துணி பின்னும் மிஷின்கள். அவற்றை வீட்டு முன்னறையிலேயே போட்டிருந்தார். அந்த இரைச்சலில் வீட்டுப் பல்லிகூடத் தொண்டை கிழியக் கத்தினால்தான் சகுனம் சொல்ல முடியும். அவர்களுடைய ஒரே மகள் சரோஜா அந்தச் சத்தத்தில்தான் பிறந்தாள், அதில்தான் தூங்குவாள்.

பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைக்கு இரத்தத்தில் புற்று என்றார்கள். மதராஸில் வைத்தியம் பார்த்துவிட்டு, "வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தூசி ஆகாது, கூட்டம் ஆகாது" என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள்.

திரும்பிய கையோடு மச்சான் மிஷின்களைத் தோட்டத்துக் கொட்டகைக்கு ஏற்றிவிட்டார். தரையோடு போல்ட் போட்டிருந்த பழைய மிஷின் ஒன்றுதான் மிச்சம். அதையும் நிறுத்திப் போர்த்தினார். பறந்து ஒட்டியிருந்த பஞ்சையெல்லாம் ஈரத்துணியால் துடைத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். எலும்பு நோகிற பிள்ளைக்குத் தையல் குத்துமே என்று, தையல் வெளிப்பக்கம் வரும்படி மெத்தென்ற பனியன் துணியில் சட்டை தைத்துப் போட்டார். ராஜகுமாரிகள் அப்படித்தான் உடுத்துவார்கள் என்று நான் அளந்துவிட்டு, சாட்சிக்கு என் சட்டையையும் புரட்டிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போவேன். சரோஜா சிரிப்பாள்.

வெள்ளகோவிலிலிருந்து எங்கள் சின்னம்மா படியேறும்போதே ராகம் இழுத்துக்கொண்டு வந்தார். மச்சான் குறுக்கே நின்றார்.

"அழுகறதுன்னா கெணத்தடியில அழுதுட்டு, கைகால் கழுவிட்டு வாங்க அத்தை."

"என்ன ஊடுங்க மாப்பிள்ளை இது? பெத்தவளே கண்ணுல தண்ணியில்லாம நிக்கறா!"

"அவ அழுதுட்டுத்தான் வந்து நிக்கறா."

வீடு வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆனால் பிள்ளை தூங்கவில்லை. கண் குழிவிழுந்து கிடந்தாள். ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"மாமா, செத்துட்டா இப்படித்தான் சத்தமே இல்லாம இருக்குமுங்களா?"

நிலைப்படியில் நின்றிருந்த மச்சான் காதிலும் அது விழுந்தது. நேரே முன்னறைக்குப் போனார். பழைய மிஷினிலிருந்து நூல் கோன்களைக் கழற்றி எடுத்தார். பொட்டுப் பஞ்சில்லாமல் துடைத்தார். ஸ்விட்சைப் போட்டார். பஞ்சு பறக்கவில்லை; ஊசிகள் மட்டும் பழைய இரைச்சலோடு ஏறி இறங்கின.

கூட நின்ற, மிஷின் ஓட்டும் ஆள் பதறிப்போனார். "வெறும் மிஷின் ஓட்டுனா ஊசி கெட்டுப்போகுமுங்க!"

"கெடட்டும்."

"எங்கப்பன் மிஷினு" என்றாள் சரோஜா. கண்ணை மூடினாள். சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த ஐப்பசி மழைவரை எங்களோடு இருந்தாள். அந்தச் சத்தத்திலேயே, அக்கா மடியில், போய்விட்டாள்.

கொட்டகையில் தொழில் பெருகியது. பழைய மிஷின் மட்டும் விளக்கு வைத்ததும் தினமும் வெறுமனே ஓடும். அந்த வீட்டில் பிள்ளை நடமாடுகிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நானாவது பேயை நேரில் பார்த்துப் பேட்டி எடுத்து வருகிறேன் என்று ஒரு சாயங்காலம் உள்ளே எட்டிப் பார்த்தேன். மச்சான் மிஷினுக்கு அடியில் இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், துணி இறங்கப்போகிறது என்பதுபோல. அதன் பிறகு நான் யாருக்கும் பேய்க்கதை சொன்னதில்லை.

இன்று நான் போய்ச் சேர்ந்தபோது அவர் நடுவீட்டில் கிடந்தார். மரியாதைக்காக எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார்கள். அக்கா கிணற்றடியிலிருந்து முகம் கழுவி வந்து, தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"தம்பி, இந்தச் சத்தமில்லாத ஊட்ல உங்க மச்சான் எப்படிப் படுத்திருப்பாரு? அந்தப் பழைய மிஷினைப் போட்டு உடு சாமி."

போட்டேன். வந்திருந்தவர்கள் திடுக்கிட்டு எழுந்தார்கள். நான் அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, அடியில் கைகளை ஏந்தினேன். காற்றுத்தான் இறங்கியது.

தூங்குங்க மச்சான். மிஷின் ஓடுதுங்க.