மாமாவுக்கு அனுப்பிய குமிழிச் சத்தம்

குறிஞ்சிப்பிட்டியில் மீனை உயிரோடு வைத்து அதற்குச் சாப்பாடு போட்ட முதல் வீடு எங்களுடையதுதான். பார்க்க வந்த பெண்கள் எல்லாரும் தொட்டியின் முன்னால் குந்தியிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"இத ஆக்குறதா, பொரிக்கிறதா?"

"ரெண்டுமில்ல ராத்தா, பாக்குறது" என்பார் மாமா.

"பாத்தா வகுறு நெறயுமா தம்பி?" என்று சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் போவார்கள்.

மாமா, உம்மாவின் ஒரே தம்பி. கொழும்பில் அழகுமீன்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஓர் இடத்தில் வேலை செய்தார். அந்த வேலை நின்றதும் பெரிய கண்ணாடித் தொட்டியையும் இரண்டு மீன்களையும் கொண்டுவந்து எங்கள் முன்னறையில் இறக்கிவிட்டார். அவை தென்னமெரிக்காவில் ஏதோ பெரிய ஆற்று மீன்களாம். ஒவ்வொன்றும் வாப்பாவின் கையளவு. பாசிப் பச்சையும் பொன்னுமான உடம்பில் நீலப் புள்ளிகள் வரிவரியாக ஓடும். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஒரு சண்டை கிடையாது. கூடவே விட்ட சின்னக் குஞ்சு மீன்கள் முகத்துக்கு முன்னால் ஓடித் திரிந்தாலும் விலகி வழி விடும். எங்கள் களப்புக் கடலில் பிடிபடும் ஓரா மீன் இருக்கிறதே, அது சட்டிக்குப் போகும்போதுகூட முள்ளால் ஒரு குத்துக் குத்திவிட்டுத்தான் போகும். ஓரா குத்தினால் கை விண்விண்ணென்று எரியும் பாருங்கள், அது வேறு கதை.

இந்த மீன்களின் வேலை நாள் முழுக்க மண் அளைவது. வாய் நிறைய மண்ணை அள்ளி, வெற்றிலை மெல்வதுபோல மென்று, செவுள் வழியாகச் சொரியவிடும். அதற்காகவே மாமா எலுவன்குளத்துப் பக்கம் போய் ஆற்று மண் கொண்டுவந்து, ஏழெட்டுத் தடவை கழுவிப் போட்டிருந்தார். அவர் சொன்ன இங்கிலீசுப் பெயர் என் வாயில் நுழையவில்லை. நான் மண்தின்னி என்று பெயர் வைத்தேன். பெயரை வைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். நான் அதை நம்பியும் விட்டேன்.

மாமா சவூதிக்குப் போகும்போது மீன்களை என்னிடம்தான் ஒப்படைத்தார். அப்போது எனக்கு ஏழு வயது. "நான் வரும்வரைக்கும் நீதான் இதுகளுக்கு உம்மா" என்றார். உம்மாவுக்கு எழுத வராது. அதனால் கசட்டில் பேசி அனுப்புவோம். மாமாவும் பேசி அனுப்புவார். ஒவ்வொரு தடவையும் கடைசியில், "மகள், தொட்டிச் சத்தத்தையும் கொஞ்சம் புடிச்சு அனுப்பு. அதக் கேட்டாத்தான் இஞ்ச நித்திர வருது" என்பார். நான் கசட் பதியும் ரேடியோவைத் தொட்டியோடு ஒட்டிவைப்பேன். காற்று மோட்டர் குளுகுளுவென்று குமிழி விடும்.

ஒரு நாள் தொட்டியில் மண் குறைந்திருப்பதுபோல எனக்குத் தெரிந்தது. தின்று முடித்துவிட்டன, பாவம் பசியோடு இருக்கின்றன என்று நினைத்தேன். வாப்பா வேலை செய்த உப்பளத்து வரம்போரம் மண் மாவைப்போல வெள்ளையாக இருக்கும். அதில் இரண்டு வாளி அள்ளிவந்து கொட்டினேன். மீன்கள் அதையும் அள்ளி மென்றன. சந்தோசத்தில் நான் கைகூடத் தட்டினேன்.

மறுநாள் பின்னேரம் இரண்டும் பக்கவாட்டில் மிதந்தன. குஞ்சுகளும் மிஞ்சவில்லை.

உம்மா எனக்கு ஏசவில்லை. தொட்டியைக் கழுவி, வெறும் தண்ணீர் நிரப்பி, மோட்டரைத் திரும்பவும் போட்டார்.

"சவூதியில தனிய கெடக்குற மனிசன். அவருக்கு இது தெரியவே வேணா" என்றார்.

அதற்குப் பிறகு வெறும் தொட்டியின் சத்தத்தைப் பிடித்து அனுப்பினோம். "மீன் நல்லா இரிக்கி மாமா, வளந்துட்டு" என்று நானும் சேர்த்துச் சொன்னேன். முதல் தடவை நாக்குக் கூசியது. மூன்றாம் தடவை மீனின் நீளத்தையே சொல்லிவிட்டேன்.

பிறகு மாமாவின் கசட் ஒன்று வந்தது. குரல் மெலிந்திருந்தது; இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினார். அவருக்குப் பின்னால் அதே குளுகுளுச் சத்தம்.

"மகள், கேக்குதா? நானும் இஞ்ச... ஒரு தொட்டி வாங்கிட்டேன்" என்றார்.

நான் துள்ளினேன். உம்மா அந்த இடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டு அழுதார். மீன் வாங்கியதற்கு ஏன் அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த நாள் யாருக்கும் தெரியாமல் நான் தனியாக ஒரு கசட் பேசினேன். "மாமா, நம்மட மண்தின்னி ரெண்டும் மவுத்தாப் பெய்த்து. நான்தான் உப்பு மண்ணப் போட்டேன். உம்மாக்கு ஏசாதீங்க. வரக்குள்ள உங்கட மீன்ல ரெண்டக் கொண்டாங்க." உம்மா தபாலில் போட வைத்திருந்த பார்சலுக்குள் அதையும் செருகிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, மாமாவோடு வேலை செய்தவர் லீவில் வந்தார். மேசையில் மாமாவின் கைக்கடிகாரத்தையும் தொப்பியையும் வைத்தார். பக்கத்தில் எங்கள் பார்சலையும் வைத்தார். அது பிரிக்கப்படாமலே இருந்தது. நான் செய்தது மாமாவுக்குத் தெரியாது என்று எனக்கு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நிம்மதியாக இருந்தது.

"நெஞ்சில தண்ணி கட்டி ஆஸ்பத்திரியில கெடந்தார், ராத்தா. ஒங்களுக்குச் சொல்ல வேணாண்டு என்னச் சத்தியம் பண்ணவெச்சார். அங்கயே மவுத்தாகி, அங்கயே அடக்கிட்டாங்க" என்றார் வந்தவர்.

உம்மா, "அந்தத் தொட்டிச் சத்தம்?" என்று மட்டும் கேட்டார்.

"அது தொட்டியில்ல. மூக்குக்குப் போற ஒக்சிசன் குமிழி விடுற தண்ணிப் போத்தல்ட சத்தம்."

நான் முன்னால் போய் நின்றேன். "அப்ப மாமாகிட்ட மீன் இல்லயா?"

அவர் என் தலையைத் தடவினார். நான் நிலத்தில் விழுந்து புரண்டு அழுதேன். மாமா என்னிடம் பொய் சொல்லிவிட்டாரே, இனி இந்தத் தொட்டிக்கு மீன் எங்கிருந்து வரும் என்று அழுதேன். உம்மா தூக்கப் பார்த்தும் கையை உதறிவிட்டேன்.

அதற்குள் செய்தி கேட்டு வந்து நிறைந்திருந்த பெண்கள், "புள்ளக்கி மாமாண்டா உசிரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.