போடிமெட்டின் இரண்டாவது செக்போஸ்ட்

மூக்கம்மாளின் வயிற்றில் விரல்முட்டியால் தட்டுகிறார் முருகேஸ்வரி. ‘டொக்’ என்கிறது. “வாளிதான். ஏறு.” அடுத்தவள். டொக். “ஏறு.”

போடிமெட்டுக் காலைக்குளிர் சாமானியமானதல்ல. ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் சோற்றுவாளியைச் சூடு ஆறாமல் வயிற்றோடு சேர்த்துக் கட்டி, மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வார்கள். ஆக, சாந்தன்பாறை போகும் ஜீப்பில் எல்லோருக்குமே வயிறு முன்னால் தள்ளியிருக்கும். அத்தனையையும் தட்டிப் பார்த்த பிறகுதான் முருகேஸ்வரி ஏறுவார். மேட்டில் அரசாங்க செக்போஸ்ட் ஒன்று உண்டு. அங்கே லாரியைச் சோதிப்பார்கள், இங்கே வயிற்றை. அதே ஜீப்பில் போகும் என் தொப்பையும் தப்பவில்லை. சத்தம் வரவில்லை. “இது வாளி இல்லாமலே வந்த சோறு” என்று என்னை ஏற்றிவிட்டார்.

இருபது வருடத்துக்கு முன் இஸ்ரேலில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனவர் இவர். பஸ்ஸிலும் கடையிலும் குண்டு வெடித்த காலம். உடம்பில் குண்டைக் கட்டி வந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். கிழவருக்கு ரொட்டி வாங்கும் தெருவில் ஒருத்தி வெடித்தாள்.

“டிவில போட்டோ காட்டுனாக. இருவது வயசுகூட இருக்காது. கண்ணுக்கு மை போட்டுருந்தா. செத்தவுகளுக்காக அழுதேன். அவளுக்கும் அழுதேன். பாவிமக, இப்படிச் சாக என்ன வந்துச்சோ! அங்க அதை யாருகிட்டச் சொல்ல?”

மறுநாள் பஸ்ஸில் ஒருத்தி வயிற்றைச் சால்வையால் மூடிக்கொண்டு ஏறினாள். பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் விலகினார்கள். முருகேஸ்வரி அடுத்த நிறுத்தத்திலேயே குதித்து இறங்கிவிட்டார். “கீழ நின்னு பாக்கேன், வயித்தத் தடவிக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்கா. வெறும் புள்ளத்தாச்சிய்யா அவ.” இதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குச் சிரிப்பு வராது. ஆனாலும் வயிற்றைத் தட்டிப் பார்ப்பதை விடவில்லை.

ஜீப் ஓட்டும் மலையாளி ஜின்சனுக்கு இது பெரிய தலைவலி. “சேச்சி, ஒரு நாளு உங்களை இறக்கிவிட்டுட்டுப் போயிருவேன், கேட்டோ!” முன்சீட்டில் சாய்ந்திருக்கும் கங்காணி சுவக்கீனுக்கோ கொண்டாட்டம். பிள்ளைத்தாச்சிகளை அவர் வேலைக்கு எடுப்பதில்லை. “சரிவுல உருண்டு விழுந்தா யாரு பதில் சொல்ல?” என்பார். சம்பளமில்லாமல் சோதனை போட ஆள் கிடைத்தால் கசக்குமா? திரும்பிப் பார்க்கக்கூட மாட்டார். ‘டொக்’ காதில் விழுந்தால் போதும்.

போன வாரம் புதிதாக ஒரு பெண் வந்தாள். வயது இருபது இருக்கும். தொளதொளவென்று நீலச் சட்டை. முருகேஸ்வரி தட்டினார். சத்தம் இல்லை. அந்தப் பெண் சட்டென்று இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். “அக்கா, இந்த வேலையும் இல்லன்னா வீட்டுல அடுப்பு எரியாதுக்கா” என்று அவள் முணுமுணுத்தது பின்சீட்டில் இருந்த எனக்கே பாதிதான் கேட்டது. அவள் முகத்தைவிட்டு முருகேஸ்வரி கண்ணை எடுக்கவில்லை.

“என்ன செக்போஸ்டு, சத்தத்தக் காணோம்?” என்றார் சுவக்கீன், திரும்பாமலே.

முருகேஸ்வரி கையை மெல்ல நகர்த்தி, அந்தப் பெண்ணின் இடுப்புக்குப் பக்கத்தில் ஜீப்பின் தகரத்தைத் தட்டினார்.

டொக்.

“வாளிதான். ஏறு.”