புல்லெமன் போட்ட தீவனப்புல்

ஊர் அவருக்கு வைத்த பெயர் புல்லெமன். நெல் வயலில் அவர் தலையைக் கண்டாலே களைப்புல் தானாக வேரைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும் என்பார்கள். களை எடுப்பதில் மன்னன்தான். லாபம் எடுப்பதில்? என்னத்தைச் சொல்ல! நாற்று, உரம், அறுப்புக்கூலி எல்லாம் போக, அவருக்கு மிஞ்சியது வைக்கோலும் முதுகுவலியும்.

அவர் பிடுங்கி வரப்பில் எறியும் புல்லைப் பால்காரர் வண்டி நிறைய அள்ளிப் போவார். ஒருநாள் மனைவிக்குப் பொறி தட்டியது.

"ஏங்க, நம்ம புல்ல ஓசியில அள்ளிட்டுப் போயி, பாலாக்கி நமக்கே விக்கிறாரு. இதுல மாடு யாருங்க? நாமதான்!"

புல்லெமனுக்குச் சுருக்கென்றது.

"நெல்லுக்குப் பதிலா தீவனப்புல் போடுவோம்," என்றாள் மனைவி. "ஒரு தடவ போட்டா வெட்ட வெட்ட வளரும். களை எடுக்குற வேலையே இருக்காது. முடியாதுன்னா சொல்லுங்க, செங்கல் சூளைக்காரருக்கு மண்ணெடுக்க விட்டுரலாம்."

வயலைக் குழியாக்குவதா? வேறு வழியில்லாமல் தலையாட்டினார். களை எடுக்கும் வேலை இல்லை என்றதில்தான் முகம் தொங்கிப்போயிற்று.

புல் முழங்கால் உயரம் வந்தது. பிடித்திருந்தால் மொத்தத்தையும் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார் பால்காரர். அவர் பார்க்க வரும் நாளில், புல்லெமன் காலையிலேயே வயலுக்குப் போனார். சும்மா ஒரு பார்வை பார்க்கத்தான். போன அறுப்பில் உதிர்ந்த நெல், புல்லுக்கு நடுவே அங்கங்கே முளைத்திருந்தது. அதைக் கண்டதும் மனுஷனுக்கு எல்லாம் மறந்துவிட்டது.

"அடப்பாவமே, நெல்லு மூச்சுத் திணறுதே!"

குனிந்தார். கை பாட்டுக்கு வேலை செய்தது. நிமிர்ந்தபோது ஒரு மூலை பளிச்சென்று இருந்தது. நெல் மட்டும் நின்றது. புல் முழுக்க வரப்பில் கிடந்தது.

வரப்பில் மனைவியும் நின்றாள். பக்கத்தில் பால்காரர்.

"களை எடுத்..." என்று பெருமையாக ஆரம்பித்தவருக்குப் பாதியில்தான் புத்தி வந்தது.

"ஏண்ணே," என்றார் பால்காரர், "வேரோட புடுங்கிட்டா மறுபடி எப்படி வளரும்? மாட்டுக்கு உங்க கை சுத்தத்தையா போடுறது?"

புல்லெமனுக்கு அவமானத்தில் கண் கலங்கிவிட்டது. வயல் சூளைக்குப் போய்விடும் என்று பயந்துபோனார்.

மனைவி ஒரு புல்லை எடுத்துப் பார்த்தாள். "ஒரு வேர்கூட அறுபடலையே! இப்பவே திருப்பி நட்டா பிடிச்சுக்கும்."

பால்காரரும் பார்த்தார். அசந்துபோனார். "அட ஆமா! சரி, நடுங்க, நானே வாங்கிக்கிறேன். ஆனா நட்டு முடிச்ச பிறகு அண்ணன் வயலுக்குள்ள எறங்கக் கூடாது. அப்புறம் அந்த நெல்லு... இப்ப அதுதான் களை. புடுங்கிருங்க."

நெல்லைப் பிடுங்குவதா? ஆயுசில் புல்லெமன் செய்யாத காரியம்.

"மன்னிச்சுக்கோ தாயி," என்று ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினார். பிறகு நாற்று நடுகிற மாதிரி வரிசை பிசகாமல் புல்லை நட்டு முடித்தார்.

ஒரேயொரு நெற்பயிரைத் துண்டில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டை வாளியில் மண் நிரப்பி நட்டார். மனைவி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

இப்போது கையில் காசு புழங்குகிறது. வயல் பக்கம் போக அவருக்குத்தான் அனுமதியில்லை. தினமும் விடிந்ததும் வாளியை எட்டிப் பார்க்கிறார், ஒரு புல்லாவது முளைத்திருக்காதா என்று.